எந்தக் கையால் கதவைத் திறப்பீர்கள்?

2016 அக்டோபர். லண்டனில் பாராளுமன்றத்துக்கு வெளியே ஒரே டிராஃபிக். நகராமல் நின்ற ஓர் அரசாங்கக் காரிலிருந்து இறங்குவதற்காக ஒருவர் கதவைத் திறக்க, ஓரமாக வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த இன்னொரு சைக்கிளில் கேமரா இருந்தது. டிசம்பரில் அந்தப் படம் பத்திரிகைக்குப் போக, நாடே பார்த்தது. கதவைத் திறந்த புண்ணியவான் யார் தெரியுமோ? கிறிஸ் கிரேலிங். பிரிட்டனின் போக்குவரத்துத் துறை அமைச்சர்!

மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்றது அமைச்சர் தரப்பு. போகட்டும்.

சைக்கிளில் போகிறவர் லாரிக்குப் பயப்படுவார், பஸ்ஸுக்குப் பயப்படுவார். ஓரமாக, சமர்த்தாக நிற்கும் காருக்கு யார் பயப்படுவார்கள்? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். (பி.காம். படித்தவன் புத்தி, விடாது.) மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். இரண்டு மீட்டர் முன்னால் ஒரு கதவு திறந்தால் கையில் இருப்பது அரை விநாடிகூட இல்லை. பிரேக் பிடிக்கணும் என்று மூளை நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சட்டென்று ஒடித்தால்? பின்னால் வரும் பஸ். பல சமயம் உயிரை எடுப்பது கதவு இல்லை, அந்த பஸ்தான்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. பைசா செலவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையை விட்டுவிட்டு, மறு கையால் திறக்க வேண்டும். நம் ஊர் டிரைவர் என்றால் இடது கையால். செய்து பாருங்கள்... உடம்பு தானாகத் திரும்பும், பார்வை கண்ணாடிக்கும் பின்பக்கத்துக்கும் போகும். வருகிற சைக்கிள் தெரிந்துவிடும்!

இதன் பெயர் 'டச்சு ரீச்'. வேடிக்கை என்னவென்றால், டச்சுக்காரர்களுக்கே இந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு அது வெறும் பழக்கம். பெயர் வைத்தவர் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில், ஓய்வு பெற்ற ஒரு டாக்டர். 2016-ல் அவர் பகுதியில் சைக்கிளில் போன ஓர் இளம்பெண் கார்க் கதவால் இறந்துபோக, மனிதர் பிரசாரத்தில் இறங்கிவிட்டார்.

அதற்காக, டச்சுக்காரர்கள் பிறக்கும்போதே நல்லபிள்ளைகள் என்று நினைக்க வேண்டாம். 1971-ல் நெதர்லாந்துச் சாலைகளில் செத்தவர்கள் மூவாயிரம் பேருக்கு மேல். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்! பள்ளிக்கூடம் போகும் வழியில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், விக் லாங்கன்ஹாஃப், 1972-ல் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தலைப்புப் போட்டு எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து சேர, ஞாயிற்றுக்கிழமைகளில் அரசே காருக்குத் தடை போட்டது. காலி ரோட்டில் பிள்ளைகள் விளையாடினார்கள். ஜனங்களுக்கு ருசி தெரிந்துவிட்டது.

பிறகுதான் தெருவையே மாற்றி அமைத்தார்கள். பல இடங்களில் சைக்கிள் பாதை, நிற்கும் காருக்கும் நடைபாதைக்கும் நடுவே போகும். அங்கே டிரைவர் கதவு திறக்காது. பல கார்களில் டிரைவரைத் தவிர யாரும் இருப்பதில்லை. அப்படியே மற்றவர் இறங்கினாலும், கதவு திறக்கும் அளவுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். கையை மட்டும் நம்பவில்லை, பாருங்கள்.

லண்டனுக்கு வருவோம். 2018 அக்டோபரில் பிரிட்டனின் போக்குவரத்துத் துறை, டச்சு ரீச்சைச் சாலை விதிப் புத்தகத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னது. அப்போதும் அமைச்சர்... அதே கிரேலிங்! விதி அமலுக்கு வந்தது 2022 ஜனவரி 29-ல். அதற்குள் அவர் பதவியை விட்டுப் போயிருந்தார்.

அதே புத்தகம் சைக்கிள்காரருக்கும் ஒன்று சொல்கிறது. நிற்கும் காரைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம், அல்லது ஒரு மீட்டர் தள்ளிப் போ. அப்படித் தள்ளிப் போனால் பின்னால் வருகிறவர் ஹாரனை அமுக்குவார். 'நடுரோட்டில் என்னய்யா சவாரி?' என்பார். அவர் காரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். சைக்கிள்காரர் அந்த ஒரு மீட்டரை விட்டிருப்பது, இன்னும் திறக்காத ஒரு கதவுக்காக.