நீதிபதி லண்டிஸும் நீதியின் வர்க்க எல்லைகளும்

சட்டம் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்னும் கருத்து முதலாளித்துவ சமுதாயத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. அதனைப் பரிசோதிப்பதற்கு, கெனெசோ மவுண்டன் லண்டிஸ் என்னும் அமெரிக்க நீதிபதியின் வாழ்க்கை தக்கதோர் உரைகல்லாகும்.

1866 இல் ஒஹாயோ மாநிலத்திற் பிறந்த லண்டிஸை, 1905 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் சிக்காகோவிலுள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்துக்கு நியமித்தார். ஏகபோகங்களுக்கு எதிராகச் சிறு வணிகரும் விவசாயிகளும் மத்தியதர வர்க்கத்தினரும் குரலெழுப்பிய காலம் அது. புகையிரதக் கம்பனியொன்றிடமிருந்து சட்டவிரோதமான கட்டணச் சலுகை பெற்றமைக்காக, இண்டியானா ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனிக்கு 1907 இல் அவர் 29,240,000 டொலர் தண்டம் விதித்தார். மக்கள் அவரை நாயகனாகப் போற்றினர். ஆயின் மறு ஆண்டே மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. தண்டப்பணத்தில் ஒரு சதமேனும் அறவிடப்படவில்லை.

1918 இல் நிலைமை வேறு. உலகக் கைத்தொழில் தொழிலாளர் சங்கத்தினர் ஏறக்குறைய நூறு பேர், போர் முயற்சிக்குத் தடை விளைத்தனர் என்ற குற்றச்சாட்டில் அவர்முன் நிறுத்தப்பட்டனர். பல மாதங்கள் நீடித்த விசாரணையின் பின்னர், யூரிமார் ஒரு மணித்தியாலத்துக்குள் அனைவரையும் குற்றவாளிகளெனக் கண்டனர். தலைவர் பில் ஹேவுட் உட்படச் சிலருக்கு லண்டிஸ் 20 ஆண்டுச் சிறை விதித்தார். இச்சிறைத் தண்டனைகளோ மேன்முறையீட்டிலும் நிலைத்தன. பிணையில் நின்ற ஹேவுட் 1921 இல் சோவியத் நாட்டுக்குத் தப்பிச் சென்றார். ஏனையோர் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தனர்.

இவ்விரு தீர்ப்புகளையும் கொண்டு லண்டிஸை முதலாளிகளின் கைக்கூலி என முடிவுகட்டுதல் இயந்திரப் பாங்கான ஆய்வாகும். ஏகபோகத்தின்மீது அவர் கொண்ட சினம் போலியன்று. அது சிறுவுடைமையாளரின் சினம். பெருமுதலாளியைக் கண்டிக்கும், ஆனால் உடைமையுறவையே வினாவும் தொழிலாளியைக் கண்டு அஞ்சும். சட்டத்துறையும் முரண்பாடுகளற்றதன்று. சோஷலிஸ்டான விக்டர் பெர்ஜருக்கும் நால்வருக்கும் அவர் விதித்த 20 ஆண்டுத் தண்டனையை 1921 இல் அதியுயர் நீதிமன்றம் நீக்கியது. பக்கச்சார்பு காட்டுவார் என எதிரிகள் சத்தியக் கடதாசி கொடுத்தபின் அவர் அவ்வழக்கை விசாரித்திருக்கலாகாது என்பதே காரணம்.

1920 இல் பேஸ்போல் கழக உரிமையாளர்கள் லண்டிஸைத் தமது ஆணையாளராக்கினர். 1922 வரை அவர் இரு பதவிகளையும் வகித்தார். 1921 இல் சூதாட்ட வழக்கில் யூரிமார் விடுவித்த ஏழு ஆட்டக்காரரை, அத்தீர்ப்புக்கு மறுநாளே வாழ்நாள் முழுவதும் விலக்கினார்.

ஆகவே, ஒரு நீதிபதியை மதிப்பிடுகையில் அவர் எவரைத் தண்டித்தார் என்பதோடு, எத்தண்டனை நிறைவேறிற்று என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.