பட்டம் யாருக்கு, வழக்கு யார்மேல்?

இராமலிங்க அடிகளின் பாடல் தொகுப்பான திருவருட்பா 1867-ல் அச்சேறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டே ஆண்டில், 1869-ல், யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து, இது அருட்பாவே அல்ல என்று சாடும் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அதே ஆண்டு, சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிரிகளில் ஒருவர் அடிகள். அவர் மேலிருந்த வழக்கு நிற்கவில்லை. அடிகள் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் நாவலரே தம்மை மறந்து எழுந்து நின்றார் என்று பக்தர்கள் சொல்வதுண்டு. அடிகள் அவமானத்தைக் கடந்தவர் என்று காட்ட அந்தக் கதை எனக்குத் தேவைப்படவில்லை. எதிராளி எழுந்து நின்றதால் வரும் பெருமையும் பெருமைதானே!

அதற்குச் சான்று அடிகளே எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. பாடல்களை அனுப்பினாலொழிய நாளுக்கு ஒருவேளைதான் உண்பேன் என்று அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் பிடிவாதம் பிடித்த பிறகே அடிகள் அச்சுக்கு இசைந்தார். அப்போதும், தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது ஆரவாரமாகப் படுகிறது, அதில் தமக்குச் சம்மதமில்லை என்று எழுதினார். இது புலவர்கள் வழக்கமாகப் பாடும் அவையடக்கம்தானே என்று கேட்கலாம். அவையடக்கம் ஊர் கேட்கப் பாடுவது. இதுவோ பதிப்பிப்பவருக்குத் தனியே எழுதிய கட்டளை. அந்தக் கட்டளையும் முழுசாக நிறைவேறவில்லை. அன்பர்கள் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று பட்டம் சூட்டினார்கள், நூலுக்குத் 'திருவருட்பா' என்று பெயர் வைத்தார்கள். உயிரோடிருக்கும் ஒருவர் பாட்டைச் சைவத் திருமுறைகளுக்குச் சமமாக்குவதா என்று நாவலர் கொதித்தது இதைப் பார்த்துத்தான். வேண்டாம் என்று தள்ளிய பட்டத்துக்காகவே அடிகள் வசை வாங்கினார். புகழை முன்னமே தள்ளியவரிடம் வசை பறிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

அதற்காக அவரைக் கல்லாக்கிவிடக் கூடாது. சிதம்பரம் கூட்டத்துக்கு அவர் போனார். மறுப்புக்கு மறுப்பெழுதிய தொழுவூர் வேலாயுத முதலியார் அவருடைய மாணாக்கர்தான். புண்படவே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவர் நாட்கள் போன திசையைப் பாருங்கள். நூல் வெளிவந்த அதே 1867-ல், மே 23 அன்று, வடலூரில் தருமசாலை தொடங்கியது. 21 அடி நீள அடுப்பு. சாதி, சமயம் கேட்காமல் பசித்தவர் எவருக்கும் சோறு. 1872-ல் ஞானசபை எழுந்தது. கண்டனப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் கட்டிக்கொண்டிருந்தது இவற்றைத்தான்.

ஆன்மிக நோக்கம் இருந்தால் போதும், அகந்தை தானே அடங்கிவிடும் என்பார்கள். நாவலருக்கு அந்த நோக்கம் இல்லையா? பெர்சிவல் பாதிரியார் பள்ளி வேலையை உதறினார், மணம் செய்துகொள்ளவில்லை, சைவ நூல்களை அச்சிடுவதிலும் பள்ளிகள் நடத்துவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். ஆயினும் தம்மைப் பழித்த சொல்லை அவரால் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் விட முடியவில்லை. அவர் ஏற்ற பணி அப்படி. சைவத்தைக் காக்கும் கண்டனக்காரருக்குத் தம் வாக்கின் மதிப்பே ஆயுதம். அது மழுங்கினால் பணியே முடங்கும். தருமசாலை அடுப்புக்கு யாருடைய மதிப்பும் வேண்டியிருக்கவில்லை, அரிசியும் விறகும் போதும். ஆகவே, நோக்கம் புனிதமா என்பதோடு அது நடக்க நம் பெயர் வேண்டுமா என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். இருவரும் மறைந்த பிறகு, 1903-ல், நாவலர் பக்கம் நா. கதிரைவேற்பிள்ளையும், அடிகள் பக்கம் பின்னாளில் மறைமலையடிகளான வேதாசலமும் சென்னை மேடைகளில் இதே சண்டையை மறுபடி தொடங்கினார்கள். அது அடுத்த வாரம்.