சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை

சிறு குற்றம் புரிந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஊதியமின்றிப் பொதுவேலை செய்யுமாறு இலங்கை நீதிமன்றங்கள் இடும் கட்டளை. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை, ஆலோசனை போன்ற நிபந்தனைகளும் இதில் அடங்கலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இதற்கு அடிப்படை. மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை, நாவுல ஆகிய இடங்களில் இக்கட்டளையை இடக்கூடிய நீதவான் நீதிமன்றங்கள் உள்ளன.

முன்வரலாறு: கூலியில்லாப் பொதுவேலை மாத்தளைக்குப் பழைய காயம். நிலம் வைத்திருந்தோர் அரசுக்கு உழைத்துத் தீர்த்த இராசகாரியம், கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1832இல் ஒழிந்தது. பதினாறு ஆண்டு கழித்து ஆளுநர் டொறிங்டன் அதை வேறு பெயரில் மீட்டார். 1848இன் வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயதுவரையான ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும். இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங், நாய்க்கு ஒரு சிலிங் என வேறு வரிகளும் விழுந்தன. பாதை தேவைப்பட்டதோ கோப்பித் தோட்டத் துரைமாருக்கு. அவர்கள் இந்தியாவிலிருந்து கொணர்ந்த தொழிலாளர்களுக்கு விலக்கு இருந்தது. பிக்குமாருக்கோ தொடக்கத்தில் அதுவும் இல்லை. இவற்றை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். அவ்வாண்டு யூலையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூடினார். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஓகஸ்ட் 8ஆம் திகதி மற்றொரு கிளர்ச்சித் தலைவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டாவின் மரண தண்டனை கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. ஆனால் வீதி வரி ஒழியவில்லை; தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க நடத்திய எதிர்ப்பியக்கத்தின் பின்னர், 1920களிலேயே நீங்கிற்று.

சட்ட வளர்ச்சி: இங்கிலாந்து 1973இல் சில பகுதிகளில் சமுதாய சேவைத் தண்டனையைப் பரீட்சித்தது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 18ஆம் பிரிவில் இதற்கு இடமளித்தது. இந்தியா 2024 யூலையிற்றான் இதை நடைமுறைக்குக் கொணர்ந்தது. இக்கட்டளை இராசகாரியத்தின் தொடர்ச்சியன்று. நீதிமன்றத் தீர்ப்பின்படி, அரச அதிகாரியின் மேற்பார்வையில் நடக்கும் வேலையை 1930ஆம் ஆண்டின் கட்டாய உழைப்பு உடன்படிக்கையும் கட்டாய உழைப்பின் வரையறையிலிருந்து விலக்கியே வைக்கிறது.

இன்றைய நிலை: சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் மேற்பார்வை செய்கிறது. பாடசாலை, மருத்துவமனை, வழிபாட்டுத்தல வளவுகளைத் துப்புரவாக்குவது வழக்கமான வேலை. கட்டாய ஆகக்குறைந்த சிறைத்தண்டனை விதிக்கப்பட வேண்டிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறை செல்வோர் நாட்டில் இன்னும் ஏராளம். இக்கட்டளை முதலில் சேர வேண்டியது அவர்களுக்கே.