எண்ணும் பெயரும்: ஒரு கோப்பின் உடைமையாளர் யார்?

குஷாய்குடாவில் குடியிருப்போருக்கு இ.சி.ஐ.எல். என்பது முதலில் பேருந்து நிறுத்தம், பிறகே நிறுவனம். 1967இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் உற்பத்தி செய்த டி.டி.சி.-12, டிராம்பேயில் 1969இல் உருவான கணினி. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். இன்றைய லினக்ஸ் வழங்கிகளின் உரிமைக் குழப்பம் ஒன்றுக்கு வேர் அங்கேதான் உள்ளது.

யூனிக்ஸ் ஒரு கோப்பின் உடைமையாளரைப் பெயரால் அன்றி எண்ணால் குறிக்கிறது. அந்த எண் யாருடையது என்பது வேறொரு பதிவேட்டில் இருக்கும். கல்லில் புல எண்ணும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாதாரர் பெயரும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. கணினி ஒன்று, பதிவேடும் ஒன்று என்றிருந்தவரை இடரில்லை.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் 'டார்' நிரல், காப்பகத்தில் எண்களை மட்டுமே எழுதியது. பெயர்களுக்கும் இடம் ஒதுக்கியது 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம். கணினி வரலாறு எழுதுவோர் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை; பதிவேடுகள் பலவாகிவிட்டன என்பதற்கான ஒப்புதலாகவே நான் இதைக் காண்கிறேன்.

ஒன்று உடைபட்டாலும் மற்றவை தப்ப வேண்டும் என்பதற்காகவே சேவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் வழங்கப்படுகிறது. ஆனால் இணைய வழங்கிக்கு ரெட் ஹேட் மரபில் எண் 48; டெபியனில் 33. ரெட் ஹேட்டில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் குழு எண் 27. டெபியனில் அதே 27, நிர்வாக அதிகாரம் பெறும் 'சூடோ' குழுவினுடையது. மேலும் டெபியனில் 0 முதல் 99 வரையே நிலையான எண்கள். 100 முதல் 999 வரையுள்ளவை நிறுவும் வரிசைப்படி அமைவன. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழியினதே.

சுவடிப் படிமங்களின் தரவுத்தளம் ஒன்றை வேறொரு வழங்கிக்கு மாற்றியபோது, எண்களை அப்படியே பெயர்த்துவிட்டேன், பிழை என்னுடையதே. சேவை தொடங்க மறுத்தது. அனைவருக்கும் 777 எனத் திறந்துவிடலாம் என்றார் நண்பர். நல்லவேளையாக நான் கேட்கவில்லை. பதிவேட்டின் உள்முரண்களைச் சுட்டும் 'பிடபிள்யூசிகே', 'ஜிஆர்பிசிகே' இரண்டும் குறை சொல்லவில்லை. உடைமையாளரற்ற கோப்புகளைத் தேடும் 'ஃபைண்ட்' கட்டளையும் வெறுங்கையோடு திரும்பியது. கோப்புகளுக்கு உடைமையாளர் இருந்தார்; நேரத்தைச் சரிசெய்யும் வேறொரு சேவை அது! அநாதைக் கோப்பைக் கருவி கண்டுபிடிக்கும். தவறான உடைமையாளரை அது ஐயுறுவதில்லை. சேவை மறுத்ததால் எனக்குத் தெரிந்தது. மறுக்காமல் இயங்கியிருந்தால், படிக்கக்கூடாதவர் படித்துக்கொண்டே இருந்திருப்பார்.

பிறகு இரு கணினிகளின் பயனர், குழுப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பெயர்வாரியாக எண்களை ஒப்பிட்டேன். தரவுத்தளம் மட்டுமன்று, மின்னஞ்சல் சேவையும் பொருந்தவில்லை.