மென்பொருள் மாநாட்டில் பேச நிபுணராக இருக்கணுமா?

நிரல் எழுதத் தெரியும். வேலையிலோ பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணியிலோ ஒரு சிக்கலைத் தீர்த்திருக்கிறீர்கள். அதைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால்? "ஐயோ, எனக்கு என்ன தெரியும்!" என்பதுதான் பலருடைய முதல் பதில்.

சமூகமே முன்னின்று நடத்தும் மாநாடுகள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் குறையும்.

சமூகம் நடத்தும் மாநாடு... அப்படின்னா?

பெரிய நிறுவனங்கள் நடத்தும் மாநாடுகளில் அவற்றின் புதிய தயாரிப்புகள்தான் மையம். சமூக மாநாடுகளை நடத்துவோர் தொண்டூழியர்கள். பகலில் வேலை, இரவிலும் வாரயிறுதியிலும் மாநாட்டு ஏற்பாடு. மண்டபம் பிடிப்பது முதல் பேச்சாளர் தேர்வு வரை அவர்கள் பொறுப்பு.

பைத்தான் மொழிக்கான 'பைகான்' நல்ல உதாரணம். முதல் பைகான் 2003இல் வாஷிங்டனில் நடந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான 'பைகான் ஏபேக்' 2010இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2017இல் கோலாலம்பூர் அதை ஏற்று நடத்தியது. திறந்த மூல மென்பொருளுக்கான 'ஃபாஸ்ஏஷியா' மாநாடும் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் நடந்திருக்கிறது.

பேச்சாளர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன் பேச்சுகளுக்கான அழைப்பு வெளியாகும். யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம். பொதுவாகக் கேட்பவை:

• பேச்சின் தலைப்பு
• சில வரிச் சுருக்கம்
• யாருக்கான பேச்சு? தொடக்க நிலையா, அனுபவசாலிகளுக்கா?
• எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்ற திட்டம்

பல மாநாடுகளில் முதல் சுற்றில் அனுப்பியவரின் பெயரை மறைத்துவிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பதவி என்பது அப்போது தெரியாது. எழுதியது தெளிவாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

நிராகரித்துவிட்டால்? மனசு உடைய வேண்டாம். வரும் முன்மொழிவுகள் அதிகம், மேடை நேரம் குறைவு. அதே தலைப்பில் இன்னும் இருவர் அனுப்பியிருக்கலாம். கொஞ்சம் திருத்தி வேறு மாநாட்டுக்கு அனுப்பலாம்.

எதைப் பற்றிப் பேசுவது?

ஆறு மாதத்துக்கு முன் உங்களுக்குத் தெரியாமல் இருந்து, இப்போது தெரிந்த ஒன்று. அதுவே போதும். அரங்கில் இருப்போரில் பலர் நீங்கள் ஆறு மாதத்துக்கு முன் இருந்த இடத்தில்தான் இருப்பார்கள்.

நம் வீட்டு மொழியிலேயே ஓர் உதாரணம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என்று 3. பைத்தானின் 'லென்' கட்டளையைக் கேட்டால் 5 என்று சொல்லும்!

காரணம் யூனிகோட் முறை. அதில் 'மி' என்ற எழுத்து, 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. 'ழ்' என்பதில் புள்ளிக்குத் தனி எண். அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முன்னால் வந்து நிற்கும். பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைக்கும் செயலியில் தமிழ்ப் பெயர் சீக்கிரமே இடமில்லாமல் போகும்.

'ஓப்பன் தமிழ்' என்ற திறந்த மூலப் பைத்தான் தொகுப்பு, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். ஒரு சிக்கல், அதன் காரணம், ஒரு தீர்வு. 30 நிமிடப் பேச்சு தயார்! இந்தி, தாய் மொழிகளிலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு, அதனால் தமிழ் தெரியாதவர்களுக்கும் பயன்படும்.

தலைப்பைக் கவனியுங்கள். "பைத்தானும் தமிழும்" என்றால் என்ன பேசப்போகிறீர்கள் என்று புரியாது. "தமிழ் என்ற சொல்லில் ஏன் 5 எழுத்து?" என்றால் கேட்கத் தோன்றும்.

கணினியில் தமிழ் எப்படி இயங்க வேண்டும் என்று கூடிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. 1997இலேயே அதற்காக 'தமிழ்நெட் 97' மாநாடு சிங்கப்பூரில் நடந்தது.

30 நிமிடம் பேசப் பயமா இருக்கா?

'லைட்னிங் டாக்' எனப்படும் மின்னல் பேச்சில் தொடங்கலாம். பொதுவாக 5 நிமிடம். பல மாநாடுகளில் அன்றைக்கே பெயர் கொடுக்கலாம். நேரம் முடிந்ததும் கைதட்டி இறக்கிவிடுவார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

மாநாட்டுக்கு மாநாடு மாறும். பேச்சாளருக்கு இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பைகானில் பேச்சாளர்களும் ஏற்பாட்டாளர்களும்கூட நுழைவுக் கட்டணம் செலுத்தும் வழக்கம் இருந்திருக்கிறது. கஷ்டப்படுவோருக்குத் தனியாக நிதியுதவி உண்டு. மாணவர் கட்டணம் இருக்கிறதா, பயணச் செலவைத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தனியாகப் போனால் யாரிடம் பேசுவது?

மாநாட்டில் பாதிப் பயன் மண்டபத்துக்கு வெளியேதான். பல பேச்சுகள் பின்னர் யூடியூபில் வந்துவிடும். தேநீர் இடைவேளையில் கிடைக்கும் அறிமுகம் அப்படி வராது.

எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருளாளர் பிரபலப்படுத்திய 'பேக்மேன் விதி' உதவும். வட்டமாக நின்று பேசும்போது, இன்னொருவர் வந்து சேர ஓர் ஆள் இடைவெளி விட வேண்டும். பேக்மேன் விளையாட்டில் வரும் திறந்த வாய் மாதிரி. அந்த இடைவெளியைப் பார்த்தால் தயங்காமல் போய் நிற்கலாம்.

மாநாட்டுக்கு நன்னடத்தை விதிமுறை இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது என்று அதில் இருக்கும். அத்தகைய விதிமுறை உள்ள மாநாடுகளுக்கு மட்டுமே ஆதரவு தருவதென பைத்தான் மென்பொருள் அறநிறுவனம் 2012இல் முடிவெடுத்தது.

மேடை ஏறும் முன்

• அலுவலக வேலையைப் பற்றிப் பேசினால் முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள்.
• கடைசி வரிசைக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்குங்கள்.
• அரங்கின் வைஃபையை நம்பாதீர்கள். செய்முறை விளக்கத்தை முன்கூட்டியே காணொளியாகப் பதிவுசெய்து வைத்திருங்கள்.
• கடிகாரத்தை வைத்து, வாய்விட்டு இரண்டு முறையாவது பேசிப் பாருங்கள்.
• பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லலாம். அது கௌரவமான பதில்தான்.

ஏன் முயற்சி செய்ய வேண்டும்?

தேர்வுக் குழு, தனக்கு வந்த முன்மொழிவுகளிலிருந்துதான் பெரும்பாலும் பேச்சாளர்களை எடுக்க முடியும். தயங்குகிறவர்கள் அனுப்பவில்லை என்றால் மேடையில் ஒவ்வோர் ஆண்டும் அதே முகங்கள்தான். தமிழ்ப் பெயர் செயலியில் உடைவது போன்ற சிக்கல்கள், அதைச் சரிசெய்யக்கூடியவர்களின் காதுக்கு எட்டாமலே போய்விடும்.

அடுத்த அழைப்பு வரும்போது தலைப்பும் நான்கு வரிச் சுருக்கமும் எழுதி அனுப்பிப் பாருங்கள்.