வேலி போட முடியாத எல்லை: நாகைக் கடலும் நாட்டின் பாதுகாப்பும்

எல்லைப் பாதுகாப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது காஷ்மீரின் பனிமலைகளும் ராஜஸ்தானின் முள்வேலிகளும்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் வாழும் நம்மில் பலருக்கு, நாமும் ஓர் எல்லை மாவட்டத்தில்தான் வாழ்கிறோம் என்ற எண்ணமே வருவதில்லை. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையிலிருந்து ஒரு விசைப்படகு இரண்டு மணி நேரம் ஓடினால் நாட்டின் எல்லைக்கோட்டை எட்டிவிடும். அங்கே வேலி இல்லை, பலகை இல்லை, கண்ணுக்குத் தெரியும் கோடும் இல்லை. இப்படிப்பட்ட எல்லையை எப்படிக் காக்கிறார்கள், அதில் கடலோர மக்களின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நில எல்லையும் கடல் எல்லையும்

இந்தியாவின் நில எல்லை 15,000 கிலோமீட்டருக்கும் அதிகம். இதைக் காக்க, ஓர் எல்லைக்கு ஒரு படை என்ற முறை பின்பற்றப்படுகிறது. பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளில் 1965-ல் தொடங்கப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படை நிற்கிறது. சீன எல்லையை 1962-ல் உருவான இந்தோ - திபெத் எல்லைக் காவல் படை கவனிக்கிறது. நேபாள, பூடான் எல்லைகள் சசஸ்திர சீமா பல்லிடமும், மியான்மர் எல்லை அஸ்ஸாம் ரைபிள்ஸிடமும் உள்ளன.

கடலில் நிலைமை வேறு. 1976-ம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டப்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் ஆட்சிக்குட்பட்ட கடல். 24 கடல் மைல் வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றைக் கண்காணிக்கும் அதிகாரம் உண்டு. 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் முதலிய வளங்களின் மீது உரிமை உண்டு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கு வங்காள விரிகுடாவின் திறந்த கடலுக்குப் பொருந்தும். பாக் நீரிணையில் 200 மைல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரு நாடுகளும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், நடுவில் ஒரு கோடு வரைந்துதான் பிரித்துக்கொள்ள முடிந்தது.

கோடு வந்த கதை

1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை எல்லையை வகுத்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது இந்த ஒப்பந்தத்தால்தான். கோடியக்கரைக்கு நேரே அந்தக் கோடு ஏறத்தாழ 15 கடல் மைல் தொலைவில் செல்கிறது. 1976 மார்ச் மாதம் கையெழுத்தான இரண்டாவது ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கோட்டை நீட்டியது. அதையொட்டி இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன.

அதற்கு முன்னர் இரு கரை மக்களுக்கும் இது ஒரே கடல். மரக்காயர்களின் வணிகக் கப்பல்களும் மீனவர்களின் தோணிகளும் தடையின்றிப் போய் வந்தன. காகிதத்தில் கோடு விழுந்ததால் மீனும் காற்றும் நீரோட்டமும் திசை மாறிவிடவில்லை. இன்றைய சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2008 கற்றுத்தந்த பாடம்

கடல் எல்லையில் கவனம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2008 நவம்பர் 26 காட்டியது. கராச்சியிலிருந்து கடல்வழியாக வந்த பத்துப் பேர், 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றினர். அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டு மும்பைக்குள் நுழைந்து 166 உயிர்களைப் பறித்தனர். அந்தத் தாக்குதலில் முதலில் பலியானவர்கள் மீனவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதன்பின் பொறுப்புகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. கரையை ஒட்டிய 12 கடல் மைல் பகுதியில் மாநிலக் கடலோரக் காவல் துறை, அதற்கு அப்பால் கடலோரக் காவல் படை, ஆழ்கடலில் கடற்படை என்று மூன்று அடுக்குகள் அமைந்தன. ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படையிடம் தரப்பட்டது. மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவு, மாநிலத்துக்கொரு வண்ணம் ஆகியவையும் வந்தன. 2019 முதல் 'சீ விஜில்' என்ற பெயரில் நாடு முழுவதும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடைபெறுகிறது.

தமிழகம் இதில் முன்னோடி. இங்கே கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. இன்று நமக்கு அருகில் காரைக்காலில் கடலோரக் காவல் படை நிலையமும், ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 'ஐ.என்.எஸ். பருந்து' கடற்படை விமானத் தளமும் இயங்குகின்றன.

நம் கடலில் உள்ள சிக்கல்கள்

வேதாரண்யம், கோடியக்கரை கரைகள் வழியே கஞ்சா கடத்தல், இலங்கையிலிருந்து தங்கக் கடத்தல் என்ற செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினமான கடல் அட்டையும், பீடி இலையும், மஞ்சளும்கூடக் கடத்தப்படுகின்றன. பெரும் லாபம் வேறெங்கோ போகிறது. பிடிபடுவது பெரும்பாலும் கூலிக்குப் படகு ஓட்டிய கரையோர இளைஞர்தான்.

மறுபுறம், கோடியக்கரைக்குத் தென்கிழக்கே மீன்பிடிக்கும் நாகை மீனவர்களைக் கடற்கொள்ளையர்கள் தாக்கி வலை, இன்ஜின், ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றைப் பறித்துச் செல்கிறார்கள். இலங்கைக் கடற்படையின் கைதுகளும் ஓயவில்லை. 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். படகு பறிபோனால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே போய்விடுகிறது.

எதிர்க்கரையின் நியாயத்தையும் நாம் பார்க்க வேண்டும். 2009-ல் போர் முடிந்தபின் மீண்டும் கடலுக்கு வந்த வடமாகாண மீனவர்களும் தமிழ் பேசுவோரே. அடிமடி இழுவை தங்கள் வலைகளை அறுப்பதாகவும் மீன்வளத்தை அழிப்பதாகவும் அவர்கள் முறையிடுகின்றனர். இலங்கை 2017-ல் அடிமடி இழுவையைத் தடை செய்தது. 2018-ல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது.

சொந்தப் படகும் சந்தேகப் படகும்

இவற்றுக்கிடையே நம்மைத் திடுக்கிட வைத்த சம்பவம் ஒன்று உண்டு. 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணைப் பகுதியில் ரோந்து சென்ற இந்தியக் கடற்படைக் கப்பல், தமிழக மீனவர்கள் இருந்த விசைப்படகின் மீது சுட்டது. ஒருவர் படுகாயமடைந்தார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. நம் மீனவரும் நம் கடற்படையும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியாத அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் ஊசலாடியது.

எல்லைப் பாதுகாப்பின் அடிப்படைக் கேள்வி இதுதான்: அலைகளுக்கு நடுவே தெரியும் ஒரு படகு நம்முடையதா, பிறருடையதா? இதற்கு விடை காணத்தான் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகள் படகுகளில் பொருத்தப்படுகின்றன. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இவற்றைத் தர மத்திய அரசு திட்டமிட்டுள்ளது. செயற்கைக்கோள் வழியாகப் படகின் இருப்பிடம் கரைக்குத் தெரியும். எல்லையை நெருங்கினால் படகில் எச்சரிக்கை வரும். ஆபத்தில் சிக்கியவர் கரைக்குச் செய்தி அனுப்பலாம்.

கருவி மட்டும் போதாது. எல்லை தாண்டாமலே பிழைக்க வழி வேண்டும். பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக 2,000 ஆழ்கடல் சூரைப் படகுகள் தரும் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் 2017-ல் அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டில் முடியவேண்டிய அந்த இலக்கில் சிறு பங்குதான் நிறைவேறியது. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாயாக இருந்தது. மானியம் போக மீனவர் ஏற்க வேண்டிய கடனும் பங்குத் தொகையுமே பலரைத் தயங்க வைத்தன.

எல்லை ஒரு வாசலும்கூட

நாகை நெடுங்காலம் தென்கிழக்காசியாவின் நுழைவாயிலாக இருந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா', 'எம்.வி. சிதம்பரம்' கப்பல்களில் போய்வந்த பெரியவர்கள் நம் நாகூரில் ஏராளம். இப்போது நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு, சுமார் 60 கடல் மைல் தொலைவுக்கு, பயணிகள் கப்பல் விடப்பட்டுள்ளது. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. கடவுச்சீட்டுச் சோதனையும் சுங்கச் சோதனையும் துறைமுகத்திலேயே நடக்கின்றன. நேர்வழி திறந்திருந்தால்தான் கள்ள வழிக்குத் தேவை குறையும். இதுவும் எல்லைப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

நம் பங்கு

ரேடாரும் ரோந்துக் கப்பலும் எத்தனை இருந்தாலும், அக்கரைப்பேட்டை, நம்பியார் நகர், கோடியக்கரை மீனவர்கள் அளவுக்கு இந்தக் கடலைத் தினமும் பார்ப்பவர்கள் வேறு யாருமில்லை. எந்தப் படகு புதியது, எந்த முகம் அந்நியமானது என்று முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைச் சந்தேகத்தோடு நடத்தினால் அந்தக் கண்களை நாடு இழந்துவிடும். தகவல் சொன்னவரையே நாள் முழுக்கக் காவல் நிலையத்தில் உட்காரவைத்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மதம், சாதி பார்த்து ஒரு கரையோரக் குப்பத்தையோ தெருவையோ ஐயத்தோடு பார்ப்பதும் இதே கேட்டைத்தான் தரும்.

நமக்கும் கடமை உண்டு. சந்தேகப்படும்படியான படகோ ஆட்களோ தென்பட்டால் கடலோரக் காவல் துறையின் 1093 எண்ணுக்கும், கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்கும் அழைக்கலாம். எளிதாகப் பணம் கிடைக்கும் என்று கடத்தலுக்கு அழைப்பவர்களிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பது ஊர்ப் பெரியவர்களின், ஜமாஅத்துகளின், மீனவப் பஞ்சாயத்துகளின் பொறுப்பு. கடலுக்குப் போனவர் பத்திரமாக வீடு திரும்பும் நிலை இருந்தால்தான் அந்தக் கடல் எல்லை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியும்.