குவாரி, சிமென்ட் ஆலை ஊருக்குச் செய்வது தர்மமா, கடமையா?

காங்கேயம் பக்கம் ஜல்லி, எம்-சாண்ட் லாரி ஓடாத ரோடு குறைவு. கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்று பள்ளிக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தால் நன்றி சொல்கிறோம். ஆனால் அதில் பாதி, சட்டம் சொல்லும் கடமை!

சிஎஸ்ஆர் யாருக்குக் கட்டாயம்?

2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135-ன்படி நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி, இதில் ஒன்றை எட்டினாலும் போதும். முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2% செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கே முன்னுரிமை. பொருளுக்கு விளம்பரம் தேடும் ஸ்பான்சர்ஷிப் கணக்கில் வராது.

சின்ன குவாரி தப்பிக்குமா?

இல்லை. 2015 சட்டத் திருத்தத்தில் வந்ததுதான் மாவட்ட கனிம அறக்கட்டளை. சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமத்துக்கு, ராயல்டி 100 ரூபாய் என்றால் பழைய குத்தகைதாரர் கூடுதலாக 30 ரூபாயும், ஏலத்தில் எடுத்தவர் 10 ரூபாயும் கட்ட வேண்டும். ஜல்லிக்கல் போன்ற சிறு கனிமத்துக்கு மாநில அரசு விகிதம் நிர்ணயிக்கும். கலெக்டர் தலைமையிலான இந்த நிதி குடிநீர், மருத்துவம், கல்விக்கு முன்னுரிமை தரும்.

நாம என்ன கேட்கலாம்?

குவாரியால் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் உங்க பேர் இருக்கா என்று கேளுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ல் கிராம சபை கூடும். பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் திட்டங்கள் அதன் இணையதளத்திலேயே இருக்கணும். கேட்பது சலுகை இல்லைங்க, உரிமை.